பின்சில்லுச் சத்தம்

நீண்ட ஸ்குறூ டிரைவரின் நுனியைப் பின்சில்லுக்கு அருகே அச்சில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு மிஹ்லார் கண்களை மூடினான். ஜக்கில் தூக்கி நிறுத்தியிருந்த பழைய லொறியின் சில்லு தன்பாட்டில் சுழன்றுகொண்டிருந்தது. எண்ணெயில் வழுக்குவது போன்ற ஓட்டத்தைத் தவிர அவன் காதுக்கு வேறொன்றும் வரவில்லை.

“கேக்குதா?” என்று லொறிச் சொந்தக்காரர் முனாப் காக்கா அவன் தலைக்கு மேலே நின்று கேட்டார்.

“ஓம் காக்கா, லேசாக் கேக்குது,” என்றான் மிஹ்லார். அது பொய்.

முதல் தடவை அவர் வந்தபோது லொறியின் பின்பக்கம் உண்மையாகவே ஊளையிட்டது. சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டியதும் தளர்ச்சி கைக்குத் தெரிந்தது. கழற்றிப் பார்த்தால், இடப்பக்கத்துப் பெயாரிங்கின் உருளைகள் அம்மைத் தழும்பு விழுந்தது போலப் பொத்துப்போயிருந்தன. புதியதைப் பூட்டி, கிறீஸ் வைத்து, மனநிறைவோடுதான் அனுப்பிவைத்தான்.

மறுநாளே முனாப் காக்கா திரும்பி வந்தார். சத்தம் குறைந்திருக்கிறதே தவிரப் போகவில்லையாம். மிஹ்லாருக்கு அப்படியொரு சத்தம் கேட்கவில்லை. ஆனாலும் அதைச் சொல்ல நா எழாமல், வலப்பக்கத்துப் பெயாரிங்கையும் மாற்றிக் கொடுத்தான். இன்று மீண்டும் வந்து நிற்கிறார்.

“நீ போட்டது பெயாரிங்கா, இல்ல பொண்டாட்டிட வளையல்ல ஒண்டக் கழட்டிப் போட்டியா?” என்றார் முனாப் காக்கா. அரிசி ஆலை வாசலில் லொறியை நிறுத்தி, இயந்திர இரைச்சலை மீறிக் கத்திக் கத்தியே ஆயுளில் பாதியைக் கழித்தவர் அவர். அவர் இரகசியம் சொன்னாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும் என்பது கராஜில் பழைய பகிடி. இன்றைய கேலியும் அடுத்த தெருவரைக்கும் போயிருக்கும்.

மிஹ்லார் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை, குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவி நபீலா பலமுறை கூப்பிட்டும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. “காதுக்குள்ளயும் கிறீஸ அடைச்சு வெச்சிரிக்கிங்களா?” என்று அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். அந்தச் சொல் அவனுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. அன்றிலிருந்து கைக்கடிகாரத்தைக் காதருகே பிடித்துப் பார்க்கிறான். நெருப்புப் பெட்டியைக் குலுக்கிப் பார்க்கிறான். கேட்கத்தான் செய்கிறது. ஆனால் முன்பு போலக் கேட்கிறதா என்பதை யாரிடம் போய் விசாரிப்பது?

கல்முனையில் அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்தக் காதுதான். லொறி தெருமுனையில் திரும்பும்போதே எந்தச் சில்லில் குறை என்று சொல்லிவிடுவான். அந்தக் காது போய்விட்டதென்று வெளியில் தெரிந்தால், ஒரு சாரதியும் அவனுடைய கராஜுக்குள் லொறியைத் திருப்பமாட்டான்.

முனாப் காக்கா விடுவதாக இல்லை. விடிந்தால் அரிசி ஏற்றிக்கொண்டு மகியங்கனை மலை வளைவுகளில் ஏற வேண்டும், அங்கே சில்லு கழன்றால் தம்மை அள்ளித்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். ஓட்டிப் பார்த்து ஒரு முடிவு சொல், இல்லாவிட்டால் அக்கரைப்பற்றில் வேறு கராஜ் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டு, முன் ஆசனத்தில் ஏறி அமர்ந்தார்.

மிஹ்லார் ஓட்டினான். சாய்ந்தமருதைத் தாண்டி, காரைதீவையும் கடந்து, வயல்வெளி தொடங்கியதும் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக மெல்ல ஒடித்துப் பார்த்தான். பாரம் ஒரு பக்கம் சாயும்போது, கெட்ட பெயாரிங் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எதுவும் மாறவில்லை.

“இந்தா கத்துது,” என்றார் முனாப் காக்கா.

“வேகம் கூடினாச் சத்தமும் கூடுதா காக்கா?”

“இல்ல. கூட்டினாலும் குறைச்சாலும் ஒரே மாதிரித்தான் கத்துது. வெட்டி ஒடிச்சாலும் அப்படித்தான்.”

மிஹ்லாருக்கு அது விசித்திரமாகப் பட்டது. எந்தப் பெயாரிங்கும் அவ்வாறு கத்தி அவன் கண்டதில்லை. ஆனால், தனக்குக் கேட்காத ஒரு சத்தத்தைப் பற்றி எந்த முகத்தோடு வாதாடுவது?

அடுத்த வளைவுக்கு முன்னே அவனுடைய பொறுமை முறிந்தது. கேட்காத தன் காதை நம்பி ஒரு மனிதரை மலைக்கு அனுப்புவதை விட, கராஜை மூடிவிடுவது மேல் என்று பட்டது. லொறியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினான். சாவித் துவாரத்திலிருந்து திறப்பைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டான்.

வயலுக்குள் எங்கோ ஓர் ஆட்காட்டிக் குருவி கத்திப் பறந்தது. தென்னைகளுக்கு அப்பால், வெகு தூரத்தில், கடல் மெல்ல இரைந்தது.

“காக்கா, உங்களுக்கிட்ட ஒரு உண்மையச் சொல்லோணும்,” என்று தொடங்கினான். “என்ட காது...”

முனாப் காக்கா சட்டென்று கையை உயர்த்தி அவனை அடக்கினார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பின்சில்லின் பக்கமாகக் காதைச் சாய்த்தார்.

“கொஞ்சம் கதைக்காம இரு மனே. இந்தா, இப்பவும் அதே மாதிரித்தான் கத்துது.”