ரெண்டு ஜோடி ஸ்பீக்கர்

"நான்காம் மாடியிலிருந்து வரும் சத்தம் குறித்துப் பேச இன்று மாலை கூட்டம். அனைவரும் தவறாமல் வரவும்."

லிஃப்டில் ஒட்டியிருந்ததைச் சயோ இரண்டு முறை படித்தாள்.

நான்காம் மாடியில் இருப்பதே இரண்டு வீடு. ஒன்று அவளுடையது.

தோமாவுக்கு நாலு மாசம். பொழுது சாய்ந்தால் போதும், வீல் வீலென்று அழுவான். பாலும் வேண்டாம், தோளும் வேண்டாம். டாக்டர், "சில குழந்தைங்க இப்படித்தாம்மா, தானா நின்னுடும்" என்று சிரித்தார்.

முந்தின வீட்டில் அக்கம்பக்கத்தார் சிரிக்கவில்லை. சுவரை இடித்தார்கள். கடைசியில் வீட்டையே காலி செய்ய வேண்டி வந்தது. கணவனுக்கு வேலை சப்போரோவில். இங்கே நாகோயாவில் கைக்குழந்தையோடு தனியாக இன்னொரு வீடு தேடுவதை நினைத்தாலே அழுகை வந்தது.

குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கூட்டத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

குடியிருப்போர் சங்கத் தலைவி காமியா தொண்டையைச் செருமினாள்.

"ஒரிகாசா-சான், எழுந்திருங்க."

சயோ பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். அவள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்!

ஐம்பதை நெருங்கும் பிரம்மச்சாரி ஒரிகாசா எழுந்து நின்று, இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

"தினமும் சாயங்காலம் டமால் டமால்னு என்ன அது? எங்க வீட்டுல மிசோ சூப்பே குலுங்குது!" என்றாள் காமியா.

"மன்னிச்சுக்கணும். புதுசா ரெண்டு ஜோடி ஸ்பீக்கர் வாங்கியிருக்கேன். எது உசத்தின்னு ஒப்பிட்டுப் பாக்கறேன்."

"மூணு மாசமாவா?"

"டென்மார்க் ஜோடியில பேஸ் நல்லா கெட்டியா இருக்கு, முரசு அடிச்சா நெஞ்சே அதிருது. நம்ம நாட்டு ஜோடியில, பாடறவங்க மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குது. மனசு இங்கயும் அங்கயும் அலையுதுங்க."

"பொண்ணு பாக்கறப்ப இந்த நிதானம் இருந்திருந்தா இந்நேரம் கல்யாணமே ஆயிருக்கும்!" என்றது ஒரு குரல்.

கூட்டம் சிரித்தது. சயோவும் சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று!

"சத்தத்தைக் குறைச்சு வச்சு ஒப்பிடக் கூடாதா?"

"குறைச்சு வச்சா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்."

"பொய்!" இரண்டாம் மாடி செகி துள்ளி எழுந்தார். "நானும் முப்பது வருஷமா ஸ்பீக்கர் பைத்தியம்தான். ஒப்பிடறவன் என்ன பண்ணுவான் தெரியுமா? ஜன்னலைச் சாத்துவான். ரெண்டு ஜோடியையும் ஒரே சத்தத்துல வைப்பான். நடுவுல உக்காந்து மூச்சுகூட விடாம கேப்பான். இவர் பால்கனிக் கதவை விரியத் திறந்துட்டு, ஸ்பீக்கரைத் தெருவைப் பாத்துத் திருப்பி வச்சிருக்கார். கீழேருந்து கண்ணால பாத்தேன்! ஒப்பிடறதாவது மண்ணாவது. ஊருக்குக் காட்டிப் பீத்திக்கறார்!"

ஒரிகாசாவின் காதுகள் சிவந்தன.

"காத்து வரட்டுமேன்னு..." என்று முனகினார்.

"போதும்" என்றாள் காமியா. "இவர் காலி பண்ணணும்னு வீட்டுச் சொந்தக்காரர்கிட்ட சொல்லிடுவோம். சரிங்கறவங்க கையைத் தூக்குங்க."

முதலில் உயர்ந்தது சயோவின் கைதான். தோமா வாயைத் திறந்தால் போதும், அடுத்த நொடியே சுவருக்கு அந்தப் பக்கம் முரசு அதிரும். வேண்டுமென்றே அவளை வெறுப்பேற்றும் மனிதர். நன்றாக வேண்டும்!

வரிசையாகக் கைகள் உயர்ந்தன. பக்கத்தில் இருந்த மூன்றாம் மாடி ஹாகா அம்மாள் ஒரு கையைத் தூக்கியபடியே, மறு கையால் தோமாவின் கன்னத்தைத் தடவினாள்.

"இந்தப் பச்சைப் பிள்ளைகிட்ட கத்துக்கணும் அந்த மனுஷன். என் தலைக்கு மேலயே இருக்கான் இந்தத் தங்கம். நீங்க குடிவந்து மூணு மாசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், இவன் அழுது நான் கேட்டதில்லையே!"

சயோவின் கை அந்தரத்தில் நின்றது.

தோமா அழத் தொடங்குவான். முரசு தொடங்கும். தோமா ஓய்வான். முரசும் ஓயும்.

அவள் ஒரிகாசாவைப் பார்த்தாள். அவர் அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

சயோ எழுந்தாள்.

"என் பையன் அழறான்ங்க. தினமும் அழறான். பொழுது சாஞ்சா கட்டடமே அதிர்ற மாதிரி அழறான். அது உங்க யார் காதுலயும் விழாம இவர் பாத்துகிட்டார். இத்தனை பேர்கிட்ட திட்டும் வாங்கிகிட்டார். காலி பண்ணணும்னா நான் பண்றேன். இவர் வேண்டாம்."

அம்மாவுக்குச் சாட்சி சொல்ல வந்தவன் போல, அந்த நேரம் பார்த்து தோமா ஆரம்பித்தான். அறை முழுக்க, தொண்டை கிழிய, ராஜா மாதிரி அழுதான்.

ஒரிகாசா பதறிப்போய் இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"இது... இது குழந்தை இல்லைங்க! அந்த டென்மார்க் ஜோடியில ட்ரெபிள் கொஞ்சம் இப்படித்தான் கத்தும்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காமியாவின் கை முதலில் இறங்கியது. ஒவ்வொன்றாக மற்றவையும் இறங்கின.

இறங்காமல் நின்றது செகியின் கை மட்டும்தான். அவர் ஒரிகாசாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, குழந்தையின் அழுகைக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்:

"ட்ரெபிளே இவ்வளவுன்னா ரெண்டு ஜோடி எப்படிய்யா பத்தும்? நாளைக்கு என்னோடதையும் தூக்கிட்டு வரேன், மூணையும் ஒப்பிடுவோம்!"