பக்கத்து வீட்டு இசைத்தட்டு

"சார், அந்தப் பாட்டுப் பெட்டியை இன்னிக்கும் நாளைக்கும் மட்டும் போடாம இருக்க முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

காலை எட்டு மணிக்கே ராஜவேல் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டார்.

அருளானந்தம் பேப்பரை மடித்து வைத்தார். நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, விருத்தாசலத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். தனி ஆள். நெய்வேலிக்கு வந்திருந்த ரஷ்யக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய அவரிடம் உண்டு. எல்லாம் யாரோ ஒரு சோவியத் இசையமைப்பாளருடையது.

"என்ன விஷயங்க தம்பி?"

"நாளைக்கு எங்க இளமதியைப் பொண்ணு பாக்க சேத்தியாத்தோப்புலேருந்து வராங்க. அதுக்கு முன்னாடி எப்படியும் அக்கம்பக்கத்துல விசாரிப்பாங்க. அந்த நேரம் பாத்து நீங்க ஆரம்பிச்சா என்ன ஆவறது? ஒரு நாளு பியானோவை வெச்சுத் தட்டறீங்க. ஒரு நாளு நாலு வயலினை வெச்சு இழுக்கறீங்க. சில நாளு நூறு பேரு கூடி வாசிக்கிறாங்க. அதுவும் நான் வேலை முடிஞ்சு வூட்டுக்குள்ள கால் வெச்சாத்தான் உங்களுக்குப் பாட்டு ஞாபகமே வருது."

ராஜவேல் சொன்னதில் பொய் இல்லை. பகலெல்லாம் வாய் திறக்காத பெட்டி, அவர் வந்த பிறகுதான் பாடும். மனுஷன் காதை வைத்துப் பிழைக்கிறவர் வேறு. பீங்கான் தொழிற்பேட்டையில், சூளையிலிருந்து இறங்குகிற கோப்பைகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்ப்பார். கணீரென்றால் ஒரு பக்கம், சொத்தென்றால் விரிசல், இன்னொரு பக்கம். இருபது வருஷமாக அதுதான் உத்தியோகம். அப்படிப்பட்ட காதில் தினமும் இந்த இரைச்சல் விழுந்தால் எரிச்சல் வராமல் இருக்குமா?

அருளானந்தம் மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ராஜவேலின் மனைவி கனகாவைப் பார்த்தார்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

கனகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவள எதுக்கு சார் கேக்கறீங்க?"

"சும்மாதாங்க. சரி, போடலை."

ஜெயித்துவிட்ட தெம்போடு ராஜவேல் பைக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாக அலமாரியைத் திறந்தார். விருந்தாளிகளுக்குக் காபி கொடுக்கவென்று தொழிற்பேட்டையில் தானே பொறுக்கி எடுத்து வந்திருந்த ஆறு கோப்பைகள் உள்ளே இருந்தன. பழக்கதோஷம், ஒவ்வொன்றாகச் சுண்டினார். ஐந்து கணீரென்றது. ஆறாவது சொத்தென்றது.

"இதை எங்கடி இடிச்ச?"

"கழுவித்தாங்க வெச்சேன். எங்கயும் இடிக்கல."

"நான் எடுத்துக்கிட்டு வரும்போது இல்லாத விரிசலு இப்ப எங்கேருந்து வந்துது? ஒரு கோப்பையைக் கழுவத் துப்பில்ல. நீ பொண்ணைக் கட்டிக் குடுக்கப் போறியா?"

அப்புறம் அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. கனகாவின் அப்பா, அண்ணன், அவள் பிறந்த ஊர் என்று வரிசையாக எல்லோரையும் எல்லாவற்றையும் இழுத்தார். கடைசியில் கோப்பை சுவரில் போய்ச் சிதறியது. கனகா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அழுகை வெளியே வந்துவிட்டது.

அடுத்த நிமிஷம் பக்கத்து வீட்டில் மேளமும் எக்காளமும் வயலின்களுமாக ஒரே முழக்கம்.

"பாத்தியா, அந்தாளு சொன்ன சொல்லைக் காப்பாத்தல. இரு, போய் ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்."

இளமதி ஓடி வந்து வாசற்படியை மறித்தாள்.

"போவாதீங்கப்பா. மாப்பிள்ளையோட தாய்மாமன் இப்பத்தான் அங்க வந்து உக்காந்திருக்காரு. சன்னல் வழியாப் பாத்தேன். நம்மளப் பத்தி விசாரிக்கத்தான் வந்திருக்காரு."

ராஜவேல் வாசற்படியிலேயே நின்றார்.

"அவரு இருக்கும்போதா இந்தாளு பாட்டைப் போடறாரு?"

"நீங்க கத்தறது அவருக்குக் கேக்கக் கூடாதுன்னுதாம்ப்பா போட்டிருக்காரு. தினமும் அதுக்குத்தான் போடறாரு. நீங்க வெறுமன சத்தம் போட்டா பியானோ. கெட்ட வார்த்தை வந்தா வயலின். அம்மா அழுதா இது. எனக்கும் அம்மாவுக்கும் எப்பவோ தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

ராஜவேலுக்கு உடம்பெல்லாம் கூசியது. காலையில் அந்த மனிதரிடம் ஒரு நாள் பியானோ, ஒரு நாள் வயலின் என்று அவரேதான் கணக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார். எந்தச் சட்டையைப் போட்டாலும் மறைக்க முடியாத வெட்கம் அது.

அதற்குள் சாமிதுரை, அதாவது அந்தத் தாய்மாமன், எட்டிப் பார்த்துவிட்டுக் கையசைத்துக் கூப்பிட்டார். போகாமல் இருக்க முடியவில்லை.

"வாங்க, வாங்க" என்று சாமிதுரை ஒரு காதைப் பொத்திக்கொண்டே உரக்கப் பேசினார். "சாரு இப்பத்தான் சொன்னாரு. இத்தனை வருஷத்துல உங்க வூட்டுலேருந்து ஒரு சத்தம் அவரு காதுல வுழுந்ததில்லையாம். நீங்க என்னடான்னா இவ்வளவு இரைச்சலையும் பொறுத்துக்கிட்டு இருக்கீங்க. எங்க பையனுக்கு இந்த மாதிரி பொறுமையான மாமனாருதாங்க வேணும்."

அருளானந்தம் சங்கடத்தோடு எழுந்தார்.

"மன்னிச்சுக்கோங்க தம்பி. போடலைன்னு சொல்லிட்டுப் போட்டுட்டேன். கிழட்டு புத்தி. ஊசியை எடுத்துடறேன்."

ராஜவேலால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிட்டே போய், சாமிதுரைக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"எடுக்காதீங்க சார். கனகா இன்னும் அழுது முடிக்கல."