எழுத இடமில்லை

அந்தக் காலத்துப் படத் தபால் அட்டையில் பின்பக்கம் முழுக்க முகவரிக்கு. எழுதுவதெல்லாம் படத்துக்குக் கீழே விரலகல வெள்ளையில்தான்.

கப்பலில் வேலை பார்த்த என் கணவர், நான் வேலை பார்த்த அச்சகத்தில் வர்ணம் தீட்டிய அட்டைகளையே கட்டாக எடுத்துப் போயிருந்தார். மாதம் ஒன்று வரும்: "நலம். மனசு நிறைய இருக்கு, எழுத இடமில்லை."

மூன்று வருடம் முதலாளியை நச்சரித்தேன்.

"படத்தைப் பாதியாக்குங்க முதலாளி."

"படத்துக்குத்தாம்மா ஜனங்க காசு குடுக்கறாங்க. உன் வீட்டுக்காரர் கதை எழுதறதுக்கா?"

"ஆமா, அதுக்குத்தான்!"

ஒருவழியாக இறங்கி வந்தார். புது அட்டைகளை உடனே கணவருக்கு அனுப்பினேன்.

அதில் முதல் அட்டை அவரிடமிருந்து வந்தது: "நலம்."

எழுத விட்ட பாதியில் மீதியெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றேன்.

"அந்தப் பழைய முழுப் படம் இருக்கற அச்சுக்கல்லை இன்னும் தேய்ச்சு அழிக்கலையே?"