பெர்சிஸின் சாட்சி

"பையில இன்னாக்கா?"

"மாத்திரைப்பா. எங்க வூட்டுக்காரரு முழுங்காம வுட்டது."

ஜெஸ்டன் பெர்சிஸின் துணிப்பையை விரித்துப் பார்த்தான். காசநோய்க்கு அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரை அட்டைகள், பிரிக்காமல் அப்படியே அடுக்கியிருந்தன. அவன் முகம் மலர்ந்துவிட்டது. ஜெபத்தால் சுகமானதை மேடையில் சொல்ல அய்யா தேடச் சொன்னது இப்படி ஒரு சாட்சியைத்தான்.

அய்யா என்றால் கிருபானந்தம். ஞாயிறு பிரசங்கியாராகவும் மற்ற ஆறு நாள் சுகாதார அமைச்சராகவும் கொடிகட்டிப் பறந்தவர். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பதவி போயிற்று. தோல் கம்பெனியில் வேலை பார்க்கும் காசநோயாளிகளின் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, 'இனி மாத்திரை வேண்டாம்' என்று காதோடு சொல்லி அனுப்புகிறார் என ஆம்பூர் நர்ஸ் கேத்தரின் புகார் கொடுத்ததுதான் காரணம்.

விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. 'ஜெபம் மட்டும்தான் செய்தேன். மாத்திரையை நிறுத்தும்படி ஒருவரிடமும் சொன்னதில்லை' என்று அவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார். நோயாளிகளின் குடும்பத்திலிருந்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. மந்திரியைப் பகைத்துக்கொண்டு ஊரில் யார் குடித்தனம் பண்ணுவது? "அவர் சொன்னதை உன் காதால் கேட்டாயா?" என்று கேத்தரினைக் கேட்டார்கள். இல்லை என்றாள். அதோடு ஃபைலை மூடிவிட்டார்கள்.

வருகிற புதன்கிழமை மறுபடி பதவியேற்பு. அதற்கு நன்றி சொல்லத்தான் பைபாஸ் ஓரத்தில் இன்றைய கூட்டம்.

மேடைக்குப் பின்னால் கிருபானந்தம் ஜிப்பாவின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். முகத்தில் நன்றியைக் காணோம். ஒன்றரை வருடம் அடைகாத்த ஆத்திரம்தான் இருந்தது.

"நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. மொதல் கையெழுத்து அந்த நர்ஸுக்குத்தான். தண்ணியில்லாத காட்டுக்கு மாத்துறேன். அங்கயும் நிம்மதியா வேலை பாக்க வுட மாட்டேன்."

"அய்யா, இந்த அம்மா மாத்திரையோடயே வந்திருக்காங்க. கமிஷன்ல நீங்க எழுதிக் குடுத்தது ஞாபகம் இருக்கட்டும்" என்று ஜெஸ்டன் தயங்கினான்.

"எனக்குத் தெரியாதா? மாத்திரைன்ற பேச்சே நான் எடுக்க மாட்டேன். அவ சொல்லட்டும். நான் கையத் தூக்கி ஸ்தோத்திரம்னு மட்டும் சொல்வேன். வீட்ல உக்காந்து பாத்து அந்த நர்ஸ் வயிறு எரியட்டும்."

ஜெஸ்டன் பெர்சிஸை மேடைக்குக் கூட்டிப் போனான். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவள். அந்தச் சபை வழக்கப்படி வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தாள். கழுத்தில் தாலி இல்லை, நெற்றியில் பொட்டு இல்லை. கூட்டத்தில் இருந்த எல்லாப் பெண்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

படியேறும்போது அவள் நின்று கேட்டாள். "இது லைவ்ல போவுதாப்பா?"

"நாப்பதாயிரம் பேரு பாக்கறாங்க. பயப்படாதீங்க."

"பயம் இன்னாத்துக்கு" என்றபடி மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"எங்க வூட்டுக்காரரு ஜோசுவா, தோல் கம்பெனில இருந்தாரு. ராவெல்லாம் இருமல். துப்புனா ரத்தம். ரெண்டு வருஷம் முன்னாடி துத்திப்பட்டு கூட்டத்துல அய்யா அவரு தலைல கை வெச்சி ஜெபிச்சாரு. அன்னிக்கே மாத்திரைய வுட்டுட்டாரு. இப்ப இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல, ரத்தம் இல்ல."

கூட்டம் "அல்லேலூயா" என்றது. கிருபானந்தம் சொன்னபடியே கையைத் தூக்கி, "ஸ்தோத்திரம்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

பெர்சிஸ் மைக்கைக் கொடுக்கவில்லை. "ஒரு மனத்தாங்கல் அய்யா. வாணியம்பாடி எசேக்கியேல் பாஸ்டர், மாத்திரைய வுடச் சொன்னது நான்தான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காரு. உங்க ஜெபத்துக்கு அவ்ளோ பவர் இல்லியாம். எங்க வூட்டுக்காரரு காதுல யாரு சொன்னதுன்னு சனங்களுக்குத் தெரிய வேணாமா?"

எசேக்கியேல், கிருபானந்தத்திடமிருந்து பிரிந்துபோய்த் தனிச் சபை நடத்துகிறவர். கூட்டத்தில் பாதியை இழுத்துக்கொண்டு போனவர். கமிஷனைக்கூட மறந்துவிடலாம், அந்தப் பெயரைக் கிருபானந்தத்தால் பொறுத்துக்கொள்ள முடியாது. மேடையோரத்தில் ஜெஸ்டன் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மைக்கைப் பிடுங்கினார். "எசேக்கியேலா? அவன் ஜெபிச்சா தலைவலிகூடப் போவாது. ஜோசுவா காதுல சொன்னது நான். இந்தக் கிருபானந்தம். இதே கைய அவன் தலைல வெச்சி, இனிமே ஒரு மாத்திரைகூட முழுங்காதே, தூக்கிப் போடுன்னு சொன்னவன் நான்தான். இல்லேன்னு எவனாவது சொல்லட்டும் பாக்கலாம்."

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. ஜோசுவாவின் முகம் அவருக்கு நினைவிருந்ததா என்பது அவருக்கே வெளிச்சம். கைதட்டல் கேட்டதும் இன்னும் ஒரு படி மேலே போனார்.

"எங்க அந்த சகோதரன்? மேடைக்கு வரச் சொல்லும்மா. நாப்பதாயிரம் பேரும் அவனக் கண்ணால பாக்கட்டும்."

மைக்கை அவரே அவள் வாயருகே நீட்டினார். பெர்சிஸ் கேமராவைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"மாத்திரைய வுட்ட நாலாம் மாசமே அவர அடக்கம் பண்ணிட்டோம் அய்யா."