தேய்த்துக் கழுவிய சுவர்

இந்தக் காலத்து ஆட்கள் எதையும் தொட்டுப் பார்க்காமலே பதில் சொல்லிவிடுகிறார்கள் என்று முணுமுணுத்தபடி நிற்கிறார் வில்ஃப் கிழவர். இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரத்து வாடகை வீட்டின் படுக்கையறைச் சுவர் பளிச்சென்று இருக்கிறது. பிளீச் நெடியில் கண் கரிக்கிறது. பார்வையிட ஆள் வருகிறது என்றதும், அழுக்கு வீட்டைக் காட்டக்கூடாதென்று மனைவி டோரீன் நேற்றே கரும்பூஞ்சை மொத்தத்தையும் தேய்த்துக் கழுவிவிட்டாள். இப்போது கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சு குலுங்க இருமுகிறாள். "பூஞ்சையா? எங்க பெரியவரே? ஜன்னலைத் திறந்து வையுங்க, கெட்டில்ல தண்ணி கொதிக்கவைக்கிறதைக் குறைங்க, எல்லாம் அந்த ஆவிதான்," என்று பார்வையிட வந்த வீட்டு உரிமையாளரின் ஆள் சிரிக்கிறான். "மூச்சு விடுறதையும் நிறுத்திடட்டுமாடா?" என்கிறார் வில்ஃப். வில்ஃபுக்குத் துணையாக வந்திருக்கும் வாடகைக்காரர் சங்கத்துப் பெண், ஈரம் அளக்கும் ஒரு சின்னக் கருவியின் இரண்டு ஊசிகளைச் சுவரில் அழுத்துகிறாள். அது வீலென்று கத்துகிறது. அவன் சிரிப்பு நின்றுபோகிறது. "உள்ளே முழுக்க ஈரம். சட்டப்படி நீங்கதான் சரிசெய்யணும்," என்று அவனிடம் சொன்னவள், வில்ஃபைப் பார்த்து, "இனி விடமாட்டோம், ஐயா," என்கிறாள். "மூணு குளிர்காலமா இதையேதாம்மா கேக்குறேன்," என்கிறார் அவர். கருவி இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது. டோரீனின் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து, கூடத்து சோபாவை நோக்கி நடக்கிறார்.