ரசத்தில் விழுந்த போன்

கிட்ட வாங்க கண்ணுகளா. இன்னும் கொஞ்சம். பிள்ளை பெற்ற உங்களுக்கென்று ஒரு கதை வைத்திருக்கிறேன். சின்னதுதான், பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும்.

போன் ரசத்தில் விழுந்தது.

ஒரே ஒரு ‘ளொப்’. மிதந்த கொத்தமல்லி ஒதுங்கி வழி விட்டு, மறுபடி கூடிக்கொண்டது.

ரசம் வைத்துக்கொண்டிருந்தவன் கரண்டியோடு நின்றான்.

அவன் மகள் ஜெசிந்தாவுக்கு எட்டு வயது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை டூட்டி. அப்பா வைத்த ரசம் நுரை கட்டி வந்த அழகைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பலாம் என்று அவன் போனை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். கை நழுவிவிட்டது. பாசத்தில் நடந்த விபத்து, வேறென்ன சொல்ல.

ஆனால் அது வெறும் போன் இல்லை. அவன் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவன். பதினோரு தெருவும் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடும்.

அடுப்பை அணைத்தான்.

அதே கரண்டியால் போனை அள்ளி எடுத்துத் துண்டில் வைத்தான். திரை கறுத்துக் கிடந்தது. ஓரத்தில் ஒரு மிளகு.

ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் கோபம் எப்போதும் அப்படித்தான். குரல் உயராது. கை ஓங்காது. வாய் மட்டும் பூட்டிக்கொள்ளும். சில சமயம் மறுநாள் மத்தியானம் வரைக்கும்.

ஜெசிந்தா மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, நாலாந்தெரு ஞானம்மா பேசுறேன். குழாய்ல ரசம் வருதுண்ணே. உப்பு வேற கம்மியா இருக்கு, கொஞ்சம் பாத்து விடுங்க.”

அச்சு அசல் ஞானம்மா. இந்தப் பிள்ளைக்கு அடுத்தவர் குரலில் பேசுவது பிறவியிலேயே வந்தது என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். அவனும் சொல்லியிருக்கிறான். இப்படி எத்தனை தடவை சிரித்து, அவன் வாய் திறந்திருக்கிறது.

இப்போதும் உதட்டோரம் வரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தான்.

கண் சிரிக்கவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கைப் பிடிக்காத கை, கவுன் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தது.

அந்தப் பார்வையை அவனுக்குத் தெரியும்.

அவனுக்கும் எட்டு வயதாக இருந்தபோது, குடித்துவிட்டு வரும் அப்பாவின் காலடி கேட்டதும் பாயில் தூங்குகிறவன் மாதிரி கிடப்பான். மூச்சைக்கூடச் சின்னதாக விடுவான். இமை இடுக்கு வழியே அப்பாவின் வாயைப் பார்ப்பான். சத்தம் காட்டாத பிள்ளைக்கு அடி குறைவு.

இந்த வருஷம் நெஞ்சை அடைக்கிறது என்று டாக்டரிடம் போனவனை, இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லி, மனநல ஆலோசகர் மெஹருன்னிசாவிடம் அனுப்பியிருந்தார்கள். மூன்று மாதமாக வியாழக்கிழமை தோறும் போகிறான். பாயில் கிடந்த கதையை முதன்முதலாக அங்கேதான் சொன்னான். போன வியாழன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

“எங்கப்பா மாதிரி நான் கத்தமாட்டேன் மேடம். கோபம் வந்தா வாயவே திறக்க மாட்டேன்.”

அவர் தலையாட்டினார்.

“அந்தச் சின்னப் பையன அதுதான் காப்பாத்துச்சு. கெட்டிக்காரன்.”

பிறகு மெல்லக் கேட்டார்.

“நீங்க வாயத் திறக்காத நேரத்துல, வீட்ல மத்தவங்க என்ன செய்றாங்க?”

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டான்.

பதில் இதோ, மூக்கைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கிறது.

“அண்ணே, லைன்ல இருக்கீங்களா?” என்றது பதில்.

அவன் தரையில் உட்கார்ந்தான்.

வாயைப் பூட்டிக்கொள்வது முப்பது வருஷப் பழக்கம், சொன்னதும் விட்டுப் போகுமா? தொண்டையைச் செருமினான். இரண்டு தடவை.

“ஜெசி. அப்பாவுக்குக் கோபம் வந்திருக்கு.”

அவள் மூக்கிலிருந்து கையை எடுத்தாள்.

“நிறையவா?”

“நிறையத்தான். ஆனா நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். அது என் கோபம். தானா இறங்கிடும்.”

அவள் நம்பவில்லை. எதிர்ச் சுவரோரமாக உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, அவனைக் காவல் காத்தாள்.

கொஞ்ச நேரம் போனது.

“இறங்கிடுச்சா?”

சிரித்துக் காட்டிவிடலாம். அவ்வளவு சுலபம். அவள் அதற்குத்தான் காத்திருந்தாள்.

அவன் சிரிக்கவில்லை.

“இல்ல. கழுத்துக்கிட்ட நிக்குது.”

“இப்ப?”

“நெஞ்சுக்கு வந்திருக்கு.”

“டவுன் பஸ் மாதிரி வருது,” என்றாள், அலுத்துப்போய்.

“அப்படித்தான் வரும்.”

வெளியே பிள்ளைகள் பாண்டி ஆடக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஜெசிந்தாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவள் எழுந்தாள். அப்பாவைப் பார்த்தாள். துண்டில் கிடந்த போனைப் பார்த்தாள்.

“இன்னும் இருக்கா?”

“இருக்கு.”

யோசித்தாள்.

“சரி,” என்றாள்.

செருப்புக்கூட மாட்டாமல் ஓடினாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்க வீட்டிலும் கோபம் வரும், வராத வீடு ஏது? வந்துவிட்டுப் போகட்டும். அது நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிற நேரத்திலும், உங்க பிள்ளைகள் வாசலில் அவங்க பாட்டுக்குப் பாண்டி ஆடிக்கொண்டிருக்கட்டும். நல்லா இருங்க எல்லாரும்.