நிற்காமல் போன வண்டி

"இந்த நாவல நான் முடிக்கவே இல்ல. நூறாவது பக்கத்துல தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள் செங்கொடி.

வடசென்னை கல்மண்டபம் பகுதியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே உள்ள அறையில் ஞாயிறு மாலை வாசகர் கூட்டம். மாதம் ஒரு புது நாவல். பள்ளி ஆசிரியை செங்கொடிதான் நடத்துகிறாள். அன்றைக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள்.

அந்த மாத நாவலில் ஒரு லாரி டிரைவர், விடியற்காலையில் சைக்கிளில் போன பெண்ணை இடித்துவிட்டு நிற்காமல் போய்விடுகிறான். கடைசி வரை மாட்டிக்கொள்ளவே இல்லை. அதற்குப் பிறகு அவன் வாழ்ந்த இருபது வருடம்தான் மீதிக் கதை.

"ஒரு உயிர எடுத்துட்டு ஓடினவன். பொண்ணுக்குக் காது குத்துறான், மாடி வீடு கட்டுறான். அதையெல்லாம் முந்நூறு பக்கம் நாம உக்காந்து படிக்கணுமா? எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு."

"நடை அருமையா இருக்கு" என்றார் வங்கியில் வேலை பார்க்கும் ரகுபதி. "ஆனா செத்துப்போன பொண்ணுக்கு மூணு பக்கம், கொன்னவனுக்கு முந்நூறு பக்கம். எழுத்தாளர் யார் பக்கம்னு தெரிஞ்சுபோச்சே!"

எல்லோரும் தலையாட்டினார்கள்.

"நான் ஒண்ணு சொல்லட்டா டீச்சர்?"

பின்னால் இருந்து கேட்டவர் வரதன். தண்டையார்பேட்டைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். கேட்டுக்கு வெளியே வண்டி வரிசையில் மணிக்கணக்காக நிற்கும்போது படிக்க ஆரம்பித்து, அதிலேயே விழுந்துவிட்டவர்.

"சொல்லுங்கண்ணே."

"நான் ரெண்டு வாட்டி படிச்சேன். அவன் வேற ஊருக்குப் போயி டீ வாங்குறான் பாருங்க. டீ ஆறி ஏடு கட்டிப்போவுது. கையிலயே வச்சுகினு நிக்கிறான். மொத வாட்டி அதுக்கு மேல என்னால படிக்க முடியல. பொஸ்தகத்த மூடிட்டு வண்டிய வுட்டு எறங்கிட்டேன்."

"ஏன்?"

"பாவமா இருந்துச்சு."

"யார் மேல? அவன் மேலயா?"

"அவன் செஞ்சது தப்புதான் டீச்சர். நின்னு அந்தப் பொண்ண தூக்கி இருக்கணும். பயந்துட்டான். ஆனா அப்பறம் இருவது வருசம் எங்க போனாலும் அந்த ரோட்டுலயேதான் நின்னுகினு கீறான். எழுதினவரு அவன நல்லவன்னு சொல்லல. மனுசன்னு சொல்றாரு. அவ்ளோதான்."

செங்கொடிக்கு எரிச்சலாக வந்தது.

"டிரைவருக்கு டிரைவர் வக்காலத்தா?"

யாரோ சிரித்தார்கள். வரதன் சிரிக்கவில்லை.

"ஓட்றவனுக்கு அந்த பயம் தெரியும் டீச்சர்."

"எப்படித் தெரியும்? நீங்க யாரையாச்சும் இடிச்சிட்டு நிக்காம வந்திருக்கீங்களா?"



வரதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. "வர்றேன் டீச்சர்" என்று எழுந்து படியிறங்கிப் போனார்.

"பாத்தீங்களா? இல்லன்னு ஒரு வார்த்தை வரல" என்றார் ரகுபதி தாழ்ந்த குரலில்.

செங்கொடி போனை எடுத்தாள். வரதன் தெருமுனை திரும்புவதற்குள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவரை நீக்கிவிட்டாள். அதன் பிறகு, ஓர் எழுத்தாளருக்கு இருக்க வேண்டிய அறம் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள்.

இரண்டு மூன்று நாள் அவளுக்கே உறுத்தலாக இருந்தது. எல்லார் எதிரிலும் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதோ? பிறகு, 'தப்பு செய்யாதவர்னா மறுத்திருப்பாரே' என்று சமாதானம் செய்துகொண்டாள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவள் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது, கட்டைப்பையோடு ஒரு அம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்தாள்.

"செங்கொடி டீச்சர் நீங்கதான? நான் வரதன் சம்சாரம், தாயம்மா. உங்க பொஸ்தகம் அஞ்சு எங்க வூட்டுல கீது. எடுத்தாந்தேன்."

"அவர் வரலையா?"

"வர மாட்டாரும்மா. இனிமே பொஸ்தகமே வேணாம்னுட்டாரு. கியூவுல வண்டிய போட்டுட்டு சும்மா ரோட்ட பாத்துகினு குந்தியிருக்காராம். இங்க நடந்தத என்கிட்டயே போன வாரம்தான் சொன்னாரு."

செங்கொடி பையை வாங்கி மேஜையில் வைத்தாள்.

"நான் கேட்டது தப்புன்னா அவரு இல்லன்னு சொல்லியிருக்கலாமேம்மா. ஓடிப்போனவனுக்காக அவ்ளோ பேசினாரு. அப்ப மனசுல ஏதோ இருக்குன்னுதானே நினைக்கத் தோணும்?"

"கீது. இல்லன்னு யாரு சொன்னா?" தாயம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஏழு வருசம் ஆவுது. எண்ணூர் ரோட்டுல ஒரு டிரெய்லரு. காலேஜிக்கு வண்டில போன பையன அடிச்சுப் போட்டுட்டு நிக்காம பூட்டான்."

செங்கொடியின் குரல் இறங்கியது. "ஓட்டினது... வரதன் அண்ணனா?"

"இல்லம்மா. செத்தது எங்க பையன். அறிவுன்னு பேரு."

செங்கொடி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"அடிச்சவன் மூணு மாசம் கழிச்சு, தானா எங்க வாசல்ல வந்து நின்னான். எலும்பும் தோலுமா. நான் வெளக்கமாத்த எடுத்துகினு ஓடினேன். இவருதான் அவன உள்ள கூப்பிட்டு, தண்ணி குடுத்து, அவன் பயப்படாம இருக்கணும்னு கூடவே போலீஸ் ஸ்டேசனுக்கும் போனாரு."

"அன்னிக்கே இதச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"நானும் அத்தத்தான் கேட்டேன் டீச்சர்" என்றாள் தாயம்மா. "'நாலு பேரு எதிர்ல பேசி ஜெயிக்கிறதுக்கு எனக்கு எம் புள்ள சாவுதான் கெடச்சுதா?'ன்னாரு."